யாருக்கும் தெரியாத நாளில் வந்த புத்தகம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'நவீன பிரிட்டிஷ் நாவல்களின் முதல் பதிப்புகள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, எல்லாப் பதிப்பிலும் அதே கதைதானே? முதல் பதிப்பில் மட்டும் கதாநாயகன் பிழைச்சுக்கிறானா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மேடை ஏறும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயமான கேள்வி. ஐம்பது ரூபாய்க்கு நடைபாதையில் கிடைக்கிற நாவலுக்கு ஒருவன் லட்சக்கணக்கில் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு என்ன பைத்தியமா? இன்று மாலை முழுக்க அந்தப் பெரியவருக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

முதலில் உங்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போகிறேன். ஊர் லண்டன். தெரு சேரிங் கிராஸ் ரோடு. ஆண்டு 1954, செப்டம்பர் கடைசி. யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டாகியும் அந்த ஊரில் இறைச்சிக்கு ரேஷன் இருந்தது. அது ஒழிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைக்குள் ஒரு மேசையில் அந்த ஆண்டின் புது நாவல்கள். ஒன்றுக்கு மஞ்சள் உறை: கிங்ஸ்லி ஏமிஸ் எழுதிய 'லக்கி ஜிம்', கொலான்ஸ் வெளியீடு. பக்கத்தில் ஐரிஸ் மர்டாக்கின் 'அண்டர் தி நெட்', சாட்டோ அண்ட் விண்டஸ் வெளியீடு. மூன்றாவது அந்த மாதம் 17ஆம் தேதிதான் வந்தது. சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்', ஃபேபர் வெளியீடு. மூன்று பேருக்கும் வெளிவந்த முதல் நாவல் அது. மூன்றையும் சேர்த்து வாங்கினாலும் இரண்டு பவுண்டுக்குள் முடிந்திருக்கும்.

வாங்கியிருப்பீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். வாங்கியிருக்க மாட்டீர்கள். நானும் வாங்கியிருக்க மாட்டேன். மூன்றும் கேள்விப்படாத பெயர். அந்தக் காசுக்கு ஆட்டிறைச்சி வாங்கி வீட்டுக்குப் போயிருப்போம். இன்று அந்த மூன்றாவது புத்தகம், உறை நல்ல நிலையில் இருந்தால், பல ஆயிரம் பவுண்டு.

இப்போது பெரியவரின் கேள்விக்கு என் முதல் பதிலைச் சொல்கிறேன். முதல் பதிப்பு என்பது, அந்தப் புத்தகம் பெரிய புத்தகம் என்று யாருக்குமே தெரியாத நாளில் வந்த பிரதி. எழுதியவருக்கே தெரியாது. அச்சிட்டவருக்குத் தெரியாது. வாங்கியவருக்கும் தெரியாது. நோபல் பரிசு பெற்றவர் என்று அட்டையில் இருக்காது. பாடநூல் குழுவின் முத்திரை இருக்காது. பின்னால் வந்த பதிப்புகள் எல்லாம் தீர்ப்பு தெரிந்த பிறகு வந்தவை. முதல் பதிப்பு மட்டும்தான் தீர்ப்புக்கு முந்தைய சாட்சி.

அந்தப் பிரதிகள் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்திருக்கிறீர்களா? கோல்டிங் நாவல் முதலில் சுமார் மூவாயிரம் பிரதிதான் அச்சானது. ஏன் மூவாயிரம்? பதிப்பாளருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்! அந்தக் கையெழுத்துப்படி அதற்கு முன் பல பதிப்பகங்களின் படியேறி இறங்கியிருந்தது. ஃபேபரிலேயே முதலில் படித்தவர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். வழக்கறிஞர் தொழிலை விட்டுப் புதிதாக அங்கே வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் மாண்டித் என்பவர், ஓரம் மடங்கிப் பழுப்பேறிய அந்தக் கட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். அவர் எடுக்காமல் போயிருந்தால்? கோல்டிங் சால்ஸ்பரியில் மாணவர்களின் நோட்டைத் திருத்திக்கொண்டே ஓய்வு பெற்றிருப்பார்.

இது ஒருவரின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' என்ன பாடுபட்டது தெரியுமா? கொலான்ஸ் வேண்டாம் என்றார். ஜோனதன் கேப் வேண்டாம் என்றார். ஃபேபரில் அப்போது பதிப்பாசிரியராக உட்கார்ந்திருந்தவர் யார்? டி. எஸ். எலியட்! அவரும் வேண்டாம் என்றுதான் கடிதம் எழுதினார். ஸ்டாலின் அன்று நேச நாட்டுத் தலைவர். அவரைக் கேலி செய்ய யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் ஏற்றுக்கொண்டது. யுத்த காலக் காகிதத் தட்டுப்பாடு வேறு. 1945 ஆகஸ்ட் 17 அன்று 4,500 பிரதி வெளிவந்தது. அந்த 4,500 என்ற எண்ணுக்குள் காகிதப் பஞ்சமும் இருக்கிறது, எலியட்டின் கடிதமும் இருக்கிறது.

நமக்கு உறவான ஒரு கதையும் இந்த வரிசையில் உண்டு. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண், தன் முதல் நாவலை லண்டனுக்கு அனுப்பி அனுப்பித் திரும்பப் பெற்று அலுத்துப்போனார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் போட்டார்: இதுவும் திரும்பி வந்தால், கட்டோடு ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு! நண்பர் ஆற்றில் போடவில்லை. நாவலாசிரியர் கிரகாம் கிரீன் கையில் கொடுத்தார். கிரீன் படித்தார், பதிப்பாளர் பிடித்தார், நாராயணசுவாமி என்ற பெயரையும் சுருக்கினார். 1935இல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. விற்றதா? விற்கவில்லை. அடுத்த நாவல் 1937இல் நெல்சன். அதற்கடுத்தது 1938இல் மேக்மில்லன். மூன்று நாவல், மூன்று பதிப்பகம். ஒரு சேகரிப்பாளர் அந்த மூன்று புத்தகத்தின் முதுகையும் வரிசையாக அலமாரியில் வைத்தால், அடியில் அச்சடித்திருக்கும் மூன்று வெவ்வேறு பெயர்களைப் பார்த்தாலே போதும். அந்த மனிதர் பட்டபாடு தெரிந்துவிடும். மலிவுப் பதிப்பில் இது தெரியுமா?

சில புத்தகங்கள் குறைவாக அச்சானதால் அரிதாயின. சில, அச்சான பிறகு அழிந்ததால் அரிதாயின. டி. எச். லாரன்ஸின் 'தி ரெயின்போ' 1915 செப்டம்பர் கடைசியில் மெத்தூயன் வெளியீடாக வந்தது. ஆறு வாரம். நவம்பர் 13ஆம் தேதி லண்டன் போ ஸ்ட்ரீட் நீதிமன்றம் அதை ஆபாசம் என்று சொல்லி, கையில் சிக்கிய 1,011 பிரதிகளையும் அழிக்க உத்தரவிட்டது. தப்பியவைதான் இன்று சேகரிப்பாளர் தேடும் முதல் பதிப்பு. அடுத்து 1940 டிசம்பர் 29. ஜெர்மன் விமானங்கள் லண்டன் மாநகரின் மேல் நெருப்பைக் கொட்டின. செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பேட்டர்நாஸ்டர் ரோ என்று ஒரு தெரு. பதிப்பகங்களும் கிடங்குகளும் நிறைந்த தெரு. ஒரே இரவில் ஐம்பது லட்சம் புத்தகம் சாம்பல். டப்ளினிலிருந்து ஃப்ளான் ஓ'பிரையன் எழுதி, 1939இல் லண்டன் லாங்மன்ஸ் வெளியிட்ட 'அட் ஸ்விம் டூ பேர்ட்ஸ்' நாவல் 244 பிரதிதான் விற்றிருந்தது. மிச்சம் கிடங்கில் இருந்தது. குண்டு கிடங்கையும் விடவில்லை. அந்த நாவலைப் பதிப்பாளருக்குச் சிபாரிசு செய்த ஆலோசகர் யார் தெரியுமா? அதே கிரகாம் கிரீன்தான். மனுஷன் எங்கே போனாலும் வருவார். இன்னும் சில இடங்களில் வரப்போகிறார்.

பெரியவர் கேட்டார் அல்லவா, எல்லாப் பதிப்பிலும் அதே கதைதானே என்று? அங்கேதான் ஐயா நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். அதே கதை இல்லை!

ஈவ்லின் வாவின் முதல் நாவல் 'டிக்ளைன் அண்ட் ஃபால்', 1928. அவருடைய அப்பா நிர்வாகம் செய்த சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் வெளியிட்டது. உறைப்படமும் உள்ளே உள்ள சித்திரங்களும் வாவே வரைந்தவை. அதில் மேட்டுக்குடி விருந்துகளில் திரியும் இரண்டு பாத்திரங்களுக்கு முதலில் மார்ட்டின் கேத்தோர்ன் பிராடி, கெவின் சாண்டர்சன் என்று பெயர் வைத்திருந்தார். லண்டனில் அப்போது கிட்டத்தட்ட அதே பெயர்களோடு இரண்டு கனவான்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவதூறு வழக்கு வந்தால்? அவசர அவசரமாகப் பெயர் மாறியது: மைல்ஸ் மால்பிராக்டிஸ், லார்டு பாரக்கீட். ஆகவே இந்த நாவலைக் கையில் எடுக்கிற வியாபாரி கதையின் தொடக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராக 168ஆம் பக்கத்தைத் திருப்புவார். பழைய பெயர்கள் இருந்தால் அவர் குரல் தணியும், விலை ஏறும்.

கிரீனின் 'ஸ்டாம்பூல் டிரெயின்' 1932இல் அச்சாகித் தைத்து வைத்திருந்த நேரத்தில், அதில் வரும் ஒரு பிரபல எழுத்தாளர் பாத்திரம் தன்னைக் குறிப்பதாக ஜே. பி. பிரீஸ்ட்லி வழக்குப் போடுவேன் என்றார். இருவருக்கும் ஒரே பதிப்பகம். பிரீஸ்ட்லி அந்தப் பதிப்பகத்தின் பொன் முட்டையிடும் வாத்து. யார் பணிய வேண்டும்? கிரீன் தொலைபேசியிலேயே வரிகளை மாற்றிச் சொல்ல, பக்கங்களைத் திரும்ப அச்சிட்டுச் சேர்த்தார்கள். இன்னொன்று: கிரீனின் இரண்டாவது, மூன்றாவது நாவல்களான 'தி நேம் ஆஃப் ஆக்‌ஷன்', 'ரூமர் அட் நைட்ஃபால்' இரண்டும் அவருக்கே பிடிக்காமல் போய், மறு அச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த இரண்டையும் படிக்க விரும்புகிறவனுக்குப் பழைய பதிப்பை விட்டால் வழி கிடையாது. அவருடைய மட்டமான நாவல்களுக்கும் அலமாரியில் நல்ல விலை! ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

சரி, ஒரு புத்தகம் முதல் பதிப்புதான் என்று எப்படிக் கண்டுகொள்வது? தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். அந்தப் பக்கம்தான் ஜாதகம். ஜோனதன் கேப் புத்தகம் என்றால் முதல் வெளியீட்டு ஆண்டு மட்டும் இருக்க வேண்டும். மறு அச்சு என்று அதற்குக் கீழே ஒரு வரி வந்துவிட்டால் முடிந்தது. பழைய ஃபேபர் புத்தகங்களில் ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். கோல்டிங் நாவலில் எழுத்துக் கூட்டி 1954 என்று படிக்கவே ஒரு நிமிடம் ஆகும். சமீபத்திய புத்தகங்களில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்களை ஒரு வரிசையாக அடித்திருப்பார்கள். இரண்டாம் அச்சுக்குப் போகும்போது ஒன்றை நீக்குவார்கள். ஒன்று இருந்தால் முதல் அச்சு. அதோடு எந்த ஊரில் முதலில் வந்தது என்ற வம்பு வேறு. ஆர்வெல்லின் 'பர்மீஸ் டேஸ்' லண்டனில் அவதூறுக்குப் பயந்து, முதலில் 1934இல் நியூயார்க்கில் வந்தது. லண்டனுக்கு அடுத்த ஆண்டுதான். கிரீனின் 'பிரைட்டன் ராக்'கும் 1938இல் ஒரு மாதம் முந்தி நியூயார்க்கில் வந்துவிட்டது. ஆங்கில எழுத்தாளரின் ஆங்கில நாவலுக்கு அசல் முதல் பதிப்பு அமெரிக்காவில்! அப்படியானால் எதை வாங்குவது? அநேகமாக எல்லாரும் ஆசிரியரின் சொந்த நாட்டுப் பதிப்பையே வாங்குகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இனி மேலுறை. ஆங்கிலத்தில் இதை ஜாக்கெட் என்பார்கள். நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் மேலுறை என்றே சொல்கிறேன். கெட்டி அட்டையின் மேல் தனியாகச் சுற்றியிருக்கும் காகிதம். கடையிலிருந்து வீடு வரும்வரை அட்டையில் தூசி படாமல் இருக்கத்தான் அது பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிந்தார்கள். முப்பதுகளில் நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் குறைவு. வாடகை நூலகங்கள்தான் பெருவாரியாக வாங்கின. மருந்துக் கடைக்காரர்களான பூட்ஸ் நிறுவனமே ஊர் ஊராக வாடகை நூலகம் நடத்தியது! அங்கே போன புத்தகத்துக்கு உறை கிழியும், அட்டையில் பச்சை லேபிள் ஒட்டும், ஓரத்தில் டீக்கறை படியும். அப்படியிருக்க, 'பிரைட்டன் ராக்' நாவலின் ரோஜா நிற உறையை முழுசாக யார் பாதுகாத்தார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். உறை இல்லாத பிரதியின் விலையோடு ஒப்பிட்டால், உறையோடு இருப்பது பல மடங்கு. பல பத்தாயிரம் பவுண்டுக்குப் போகிறது. ஒரு தாள்! எழுத்தாளர் எழுதாத ஒரே தாள்! சேகரிப்பாளர்களின் அறிவைப் பற்றி எனக்கே சந்தேகம் வருகிற இடம் இதுதான்.

ஆனாலும் உறையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃபின் நாவல்களை எடுங்கள். 1917இல் அவரும் கணவர் லெனார்ட் வுல்ஃபும் பத்தொன்பது பவுண்டு சொச்சத்துக்கு ஒரு கை அச்சு இயந்திரம் வாங்கி, ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். அச்சுத் தொழில் தெரியாது. ஒரு சின்னக் கையேட்டைப் படித்து எழுத்துக் கோத்தார்கள். அதுதான் ஹோகார்த் பிரஸ். முதல் வெளியீடு சுமார் 150 பிரதி. 1922இல் 'ஜேக்கப்ஸ் ரூம்' வந்தபோது வர்ஜீனியாவின் அக்கா வனெஸ்ஸா பெல் உறை வரைந்தார். ஜேக்கப்பும் இல்லை, அழகான பெண்ணும் இல்லை. திரைச்சீலையும் ஒரு பூக்கிண்ணமும். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு தங்கையின் நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு அக்காதான் உறை. எழுதியது தங்கை, வரைந்தது அக்கா, வெளியிட்டது கணவர். அந்த உறையைக் கழற்றிவிட்டால் அந்தக் குடும்பத்தில் பாதியைக் கழற்றிவிட்டதாகும். 1927இல் 'டு தி லைட்ஹவுஸ்' வந்த நேரம், வர்ஜீனியா தன் தோழி வீட்டா சாக்வில் வெஸ்ட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தார். தன் நாவல்களில் இதுவே சிறந்தது என்று உள்ளே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். தோழி பக்கத்தைப் புரட்டினார். வெற்றுத் தாள். அடுத்த பக்கம், வெற்றுத் தாள். கடைசிவரை ஒரு எழுத்து இல்லை! பைண்டர் மாதிரிக்குச் செய்து வைத்த காலிப் புத்தகம் அது. உலகத்தில் ஒரு முதல் பதிப்பும் அந்த வெற்றுப் புத்தகத்துக்கு ஈடாகாது என்பேன்.

லெனார்ட் வுல்ஃபைச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் போனால் பாவம். திருமணத்துக்கு முன் அவர் இலங்கையில் அரசு அதிகாரி. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்குப் பணியேற்க வந்தபோது அவருக்கு வயது 24. கூட ஒரு நாய். அதோடு பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான வால்டேர் தொகுதிகள், தொண்ணூறு! யாழ்ப்பாணத்து வெயிலில் அந்தத் தொண்ணூறு தொகுதியை இறக்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன். தமிழும் படித்தார் அந்த மனிதர்.

மோகம் இருக்கும் இடத்தில் மோசடி இருக்குமே? இருந்தது. தாமஸ் வைஸ் என்று ஒரு பெரிய மனிதர். ஆங்கிலச் சேகரிப்பு உலகில் அவர் சொன்னதே வேதம். எலிசபெத் பிரௌனிங்கின் காதல் கவிதைகளுக்கு, எல்லாரும் அறிந்த பதிப்புக்கும் முந்தி, 1847இல் ரெடிங் நகரில் அச்சான சிறு பிரசுரம் ஒன்று அவர் வழியாகச் சந்தைக்கு வந்தது. அதுபோல இன்னும் பல. 1934இல் ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்டு என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் ஒரு வேலை செய்தார்கள். கவிதையைப் படிக்கவில்லை, காகிதத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1847 என்று தேதியிட்ட தாளில், பல ஆண்டுகள் கழித்தே இங்கிலாந்தில் காகிதத்துக்குப் பயன்பட்ட ரசாயன மரக்கூழ் இருந்தது. தாள் பொய் சொல்லவில்லை. வைஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமலே 1937இல் இறந்தார். அவருடைய நூலகத்தை பிரிட்டிஷ் மியூசியம் விலைக்கு வாங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்த மியூசியத்தின் பழைய நாடக நூல்களிலிருந்தே தாள்களைக் கிழித்துத் தன் பிரதிகளை அவர் பூர்த்தி செய்திருக்கிறார் என்று. தன் வீட்டில் களவு போன பண்டத்தைத் தானே காசு கொடுத்து வாங்கியது மியூசியம்!

நானும் ஏமாந்தவன்தான், அளவு சிறிது. பல ஆண்டுகளுக்கு முன், லண்டனில் ஒரு வியாபாரியிடமிருந்து கிரீன் நாவல் ஒன்றை முதல் பதிப்பு என்று தபாலில் வாங்கினேன். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு. பார்சல் வந்தது. பிரித்தேன். உறை பளபளவென்று இருந்தது. மடிப்பின் மூலையில் விலை இருக்க வேண்டும். கத்தரித்திருந்தது. பரிசாகக் கொடுக்கிறவர்கள் விலையைக் கத்தரிப்பது வழக்கம். சரி என்று விட்டேன். தாள் கொஞ்சம் மெலிசாகத் தெரிந்தது; கண் பிரமை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து முதுகின் அடியில் பதிப்பகத்தின் பெயரைத் தடவிப் பார்க்கிறேன்: அது கிரீனின் பதிப்பகமே இல்லை. புக் கிளப் அங்கத்தினர்களுக்காக அடித்த மலிவுப் பதிப்பு. வியாபாரி பதில் போடவில்லை. அந்தப் புத்தகத்தை நான் எறியவும் இல்லை. எனக்கு அத்தனை பாடமும் நடத்திய வாத்தியாரை எப்படி எறிவது?

ஆர்வெல் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். 1934, 35இல் அவர் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தார். அந்த அனுபவத்தை எழுதும்போது, முதல் பதிப்புக்கு அலையும் ஜாம்பவான்களை வாரு வாரென்று வாருகிறார்; கடைக்கு வந்தவர்களில் இலக்கியம் தெரிந்தவர்களைவிட அவர்களே அதிகம் என்று குறைபடுகிறார். அந்தக் காலத்தில் அவருடைய முதல் நூல் 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' வெளிவந்து ஓரிரு ஆண்டுதான். இன்று அதன் முதல் பதிப்பு, கொலான்ஸ் உறையோடு, அவர் அந்தக் கடையில் பார்த்த எந்தப் புத்தகத்தையும்விட விலை அதிகமாக இருக்கும். அவர் கேலி செய்த ஜாம்பவான்கள்தான் அவர் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆர்வெல்லின் கேலியில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. படிக்காமல் வாங்குகிறவன், பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவன், அவனுக்கு நிலம் வாங்குவதே மேல். அதனால்தான் விலை அதிகமான பிரதியைப் பற்றி அல்லாமல், விலை குறைந்த ஒரு பிரதியைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' 1928இல் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் ஆயிரம் பிரதி, ஆசிரியர் கையெழுத்தோடு தனியாக அச்சானது. எழுத்துக் கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தால் கோத்திருப்பார்களோ என்னவோ! அது பணக்காரப் பிரதி, விட்டுவிடுவோம். 1960இல் பெங்குவின் அதைக் குறைக்காமல் முழுசாக மலிவு விலையில் போட்டது. மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ். இரண்டு லட்சம் பிரதி. வழக்கு வந்தது. லண்டன் ஓல்டு பெய்லியில் நீதிபதி பர்ன் முன் விசாரணை. நீதிபதி தினமும் அந்தப் புத்தகத்தோடு நீதிமன்றம் போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் படம் பிடிப்பார்களே! அவர் மனைவி டாரதி என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து ஒரு சின்னத் துணிப்பை தைத்தார். புத்தகத்தை அதில் போட்டுக் கணவர் கையில் கொடுத்தார். அதற்கு முன் தானே முழுசாகப் படித்து, கணவரின் வசதிக்காக விவகாரமான இடங்களில் பென்சில் கோடு போட்டு, பக்க எண்ணோடு ஒரு பட்டியலும் எழுதி வைத்தார்!

நவம்பர் 2ஆம் தேதி பெங்குவின் குற்றமற்றது என்று ஜூரிகள் சொன்னார்கள். 2018இல் அந்த ஒரு பிரதி, பையோடும் பட்டியலோடும், சாதபீஸ் ஏலத்தில் 56,250 பவுண்டுக்குப் போனது. நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட, மக்களிடம் நிதி திரட்டி 2019இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு லட்சத்தில் ஒன்று. காகித அட்டை. ஆனால் ஒரு குடும்பத்தலைவியின் ஊசித் தையலும் பென்சில் கோடும் அதில் இருக்கின்றன. பெரியவரே, கதை அதேதான். பிரதி வேறு!

இளைஞர்கள் இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கோல்டிங்கை விடுங்கள், கிரீனை விடுங்கள்; ரயில் போய்விட்டது. பார்பரா பிம் என்று ஒரு நாவலாசிரியை. ஏற்கெனவே ஆறு நாவல் வெளியிட்டிருந்தவரை, 1963இல் பதிப்பகம் போதும் என்று அனுப்பிவிட்டது. பதினான்கு ஆண்டு ஒருவரும் அச்சிடவில்லை. 1977இல் ஒரு இலக்கிய வார இதழ், அதிகம் மதிக்கப்படாமல் போன எழுத்தாளர் யார் என்று பலரைக் கேட்டபோது, இருவர் அவர் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் கவிஞர் ஃபிலிப் லார்க்கின். அதே ஆண்டு மேக்மில்லன் 'குவார்டெட் இன் ஆட்டம்' நாவலை வெளியிட்டது. அது புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலுக்கும் போனது. பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டை எடுங்கள். அறுபது வயதில் முதல் நாவல், 1978இல் 'தி புக்‌ஷாப்', 1979இல் புக்கர் பரிசு. இவர்களுடைய சில முதல் பதிப்புகள் இன்னும் நல்ல செருப்பு விலைக்குள் கிடைக்கும். படித்துப் பிடித்துப்போன ஒருவரைப் பிடியுங்கள். அவர் ஒருவரை மட்டும் தேடுங்கள். இன்னும் ஒன்று: போன மாதம் வந்த முதல் நாவல்களில் ஒன்று உங்கள் கையில் இருக்கும், அது என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, பதிப்பாளருக்கும் தெரியாது. அதன் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், முதுகு வெளுத்துவிடும். கிழிந்தால் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளி வரும், வெள்ளிப்பூச்சி வரும். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். அந்தச் சாக்கில் படித்தும் விடலாம்.

இந்த நோய் எனக்குத் தொற்றியது, 1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில். மாணவனாக இருந்தபோது, தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்று, அட்டை தொங்கிய நிலையில், ஒன்றரை ரூபாய்க்கு. உள்ளே இந்தியாவிலும் காலனிகளிலும் மட்டும் விற்பதற்கு என்று அச்சடித்திருந்தது. மேக்மில்லன் காலனி நாடுகளுக்கென்று தனியாக விட்ட மலிவுப் பதிப்பு. லண்டனில் விற்க முடியாத ஒரு லண்டன் புத்தகம்! அன்று இரவு நான் ஹார்டியைப் படிக்கவில்லை. அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஹார்டி, என்னை ஏமாற்றிய கிரீன், ஒரு பார்பரா பிம், மூன்றையும் கொண்டுவந்து வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்றுதான் அசல் முதல் பதிப்பு. காப்பி குடித்த கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படியுங்கள். மேலுறையை மட்டும் கழற்றாதீர்கள்.